அரசாணையிலிருந்து எழுத்துருவுக்கு: இணையத்தில் மலையாள எழுத்தும் திருவனந்தபுரமும்

இணையப் பக்கம் வடிவமைப்போருக்குச் சொல்லப்படும் யோசனைகளில் பெரும்பாலானவை ரோமன் எழுத்தை மனத்தில் வைத்து உருவானவை. வரிக்கும் வரிக்கும் இடைவெளி எவ்வளவு, நீண்ட சொல்லை எங்கே உடைப்பது, வாசகரின் கருவியில் எழுத்துரு இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு அங்கே கிடைக்கும் விடைகள் நம் மொழிகளுக்கு அப்படியே பொருந்துவதில்லை. பொருந்தும் விடைகளைத் தேடியவர்களில் மலையாளத்துக்காரர்கள் முன்னோடிகள். அவர்களுடைய தேடலில் திருவனந்தபுரம் திரும்பத் திரும்ப வருகிறது. எழுத்தை இயந்திரத்துக்கு ஏற்பக் குறுக்கிய ஆணை பிறந்த ஊர் அது. அந்தக் குறுக்கலைத் திருத்தும் வேலையின் ஒரு பகுதி நடந்த ஊரும் அதுவே.

தட்டச்சுப் பொறிக்கும் அச்சுக் கோப்புக்கும் ஏற்றபடி மலையாள லிபியைச் சுருக்கக் கேரள அரசு 1967-இல் ஒரு குழுவை அமைத்தது. தலைவர் சூரநாடு குஞ்ஞன் பிள்ளை. கேரளப் பல்கலைக்கழகத்தின் மலையாளப் பேரகராதிக்கு முதல் தலைமைப் பதிப்பாசிரியர். 1969-இல் இன்னொரு குழு அந்தப் பரிந்துரைகளை மேலும் திருத்தியது. 1971 மார்ச் 23-இல் அரசாணை வெளியாகி, அவ்வாண்டு விஷுவை ஒட்டி ஏப்ரல் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. கூட்டெழுத்துகள் பலவும் சந்திரக்கலா என்ற பிறைக்குறி இட்டுப் பிரிக்கப்பட்டன. உகர, ஊகாரக் குறிகள் மெய்யின் உடலிலிருந்து கழன்று தனியே நின்றன.

இந்தக் கடைசி மாற்றத்தின் கனம் தமிழருக்கு எளிதில் விளங்கும். கு, சு, டு, மு, னு என்று உகரம் ஏறும்போது நம் எழுத்தும் ஒவ்வொன்றாக வேறு வடிவம் கொள்கிறது. தமிழ்நாட்டில் 1978-இல் வந்த சீர்திருத்தம் ணா, றா, னா, லை, ளை, னை போன்றவற்றை மாற்றியதே தவிர, உகர வரிசையைத் தொடவில்லை. அதையும் பிரித்து எழுதலாம் என்று பின்னர் எழுந்த யோசனைகளைத் தமிழுலகம் ஏற்கவில்லை. நாம் வேண்டாம் என்று ஒதுக்கியதைத்தான் கேரளம் 1971-இலேயே ஆணையிட்டு நிறைவேற்றியது.

கணினி வந்தபோது புதிய லிபி அதற்காகவே செய்யப்பட்டதுபோல் தோன்றியது. 8 பிட் எழுத்துருவில் மொத்தம் 256 இடங்கள். அதில் பாதி ஆங்கிலத்துக்கும் அதன் குறிகளுக்கும் போய்விடும். மீதியில் புதிய லிபியைத்தான் அடக்க முடியும். 1990களின் பிற்பகுதியில் மலையாள நாளிதழ்கள் இணையத்துக்கு வந்தபோது ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டது. வாசகர் அதைத் தரவிறக்கி நிறுவாவிட்டால், செய்திப் பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். தேடுபொறிக்கு அந்தப் பக்கத்தில் மலையாளம் இருப்பதே தெரியாது. பாமினி, தாப், தாம், திஸ்கி என்று பல குறியேற்றங்களில் தமிழ் அலைந்த அதே காலம், அதே அவதி.

இந்தச் சிக்கலிலிருந்து அழகான துணைக்கருவிகள் பிறந்தன. ஆங்கில விசைகளால் மலையாளம் எழுத வரமொழி வந்தது. வெவ்வேறு எழுத்துருக்களில் இருந்த பக்கங்களை உலாவியிலேயே, எல்லா மொழிக்கும் பொதுவான குறியேற்றமான யூனிகோடாக மாற்றிக் காட்டும் பத்மா என்ற நீட்சி ஃபயர்பாக்ஸுக்கு வந்தது. அது தமிழுக்கும் உதவியது. பழைய குறியேற்றத்தை யூனிகோடாக்கும் நிரலுக்கு, மலையாளத்துக்குக் கட்டற்ற மென்பொருள் உருவாக்கும் சுதந்திர மலையாளக் கணினியியல் குழுவினர் வைத்த பெயர் பய்யன்ஸ். இன்னொரு நிரலுக்குச் சாத்தன்ஸ். இரண்டும் மலையாள எழுத்தாளர் வி.கே.என். படைத்த கதைமாந்தரின் பெயர்கள். நிரலுக்குப் பெயர் வைக்கும்போதும் தங்கள் இலக்கியத்திலிருந்தே எடுத்த அந்த மனப்பாங்கு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இதற்கிடையே 1999-இல் ரசனா அட்சர வேதி என்ற இயக்கம் எழுந்தது. முன்னின்றவர் ஆர். சித்ரஜகுமார். சூரநாடு குஞ்ஞன் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்த அதே பேரகராதித் துறையில் பணியாற்றியவர் அவர். சீர்திருத்தத்தை வகுத்த அகராதிக்காரருக்கு அடுத்த தலைமுறை அகராதிக்காரர் அளித்த மறுமொழியாகவே இதைப் படிக்க வேண்டும். தட்டச்சுப் பொறியின் இயலாமைக்காகச் செய்த குறைப்பைக் கணினியிலும் தொடர என்ன காரணம் இருக்கிறது என்பது ரசனா இயக்கத்தினரின் கேள்வி. சித்ரஜகுமாரும் கே.எச். ஹுசைன் உள்ளிட்ட தோழர்களும் மலையாளத்தில் உண்மையில் வழங்கிய கூட்டெழுத்துகளைத் திரட்டினர். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் சேர்ந்தன. பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய ஹுசைன் அவற்றை வரைந்து ரசனா என்ற எழுத்துருவாக்கினார்.

யூனிகோடு பரவியபோதுதான் அந்த உழைப்புக்கு முழுப் பயன் கிடைத்தது. யூனிகோட்டில் ககரத்துக்கு ஓர் எண், உகரக் குறிக்கு ஓர் எண். அவை சேர்ந்து வரும்போது ஒட்டிக் காட்டுவதா பிரித்துக் காட்டுவதா என்பதை எழுத்துரு முடிவு செய்யும். 2004-இல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சேவைத் தொகுப்போடு வந்த கார்த்திகா எழுத்துரு புதிய லிபியில் இருந்தது. ரசனா, மீரா என்ற எழுத்துருக்கள் பழைய லிபியில் இருந்தன. வடிவமைப்பாளர் தம் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் கோப்பில் மீரா, ரசனா, கார்த்திகா என்று வரிசையாகப் பெயர் எழுதிவைத்தால், வாசகரின் கணினியில் எது முதலில் கிடைக்கிறதோ அதில் பக்கம் தெரியும். ஒரே கட்டுரை ஒருவர் திரையில் பழைய லிபியிலும் இன்னொருவர் திரையில் புதிய லிபியிலும் நின்றது. மூலத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. முப்பதாண்டுச் சர்ச்சை, எழுத்துருப் பெயர்களின் வரிசையாகச் சுருங்கியது. அரசாணையும் கிளர்ச்சியும் செய்ய முடியாததை இந்த ஏற்பாடு செய்தது. மலையாள எழுத்தின் அண்மை வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை என்பது என் கருத்து.

எழுத்துருவால் தீராத வழக்கும் ஒன்று இருந்தது: சில்லு எழுத்து. தமிழில் ன் என்று புள்ளியிட்டு எழுதும் இடத்தில் மலையாளம் தனி வடிவம் ஒன்றைப் பயன்படுத்தும். சில்லு இட்டால் ‘அவன்’. சில்லுக்குப் பதில் நகரத்தின் மேல் சந்திரக்கலா இட்டால் ‘அவனுக்கு’ என்று பொருள். ஈற்றில் நம் குற்றியலுகரத்தை ஒத்த ஒலி நிற்கும். முந்தைய யூனிகோட்டில் இவ்விரண்டுக்கும் இருந்த வேறுபாடு, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி மட்டுமே. தேடலிலும் தளப் பெயர்களிலும் அந்தக் குறி கணக்கில் வராமல் போகலாம். போனால் அவனும் அவனுக்கும் ஒன்றாகிவிடும். ஆகவே சில்லுகளுக்குத் தனி எண் வேண்டும் என்றனர் ஒரு சாரார். சுதந்திர மலையாளக் கணினியியல் குழு எதிர்த்தது. சில்லு அதே மெய்யின் இன்னொரு வடிவம்தான். தனி எண் கொடுத்தால் ஒரே சொல்லுக்கு இரண்டு எழுத்துக்கூட்டுகள் வந்துவிடும் என்பது அவர்கள் வாதம். 2008 ஏப்ரலில் வெளியான யூனிகோடு 5.1 ஆறு சில்லுகளுக்குத் தனி எண் வழங்கியது.

இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. பொருள் மாறும் இடத்தில் தனிக்குறி வேண்டும் என்பது சரி. ஆனால் பழைய முறையில் ஏராளமான பக்கங்கள் சேர்ந்த பிறகு வந்த திருத்தம் அது. எதிர்த்தவர்கள் அஞ்சியபடியே இரட்டை எழுத்துக்கூட்டு நிலைத்துவிட்டது. விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி மென்பொருளில் பழைய சில்லைப் புதிய சில்லாக மாற்றுவதற்கென்றே ஓர் அமைப்பு சேர்க்க வேண்டியிருந்தது. தமிழ் இதிலிருந்து தப்பியதாக எண்ண வேண்டாம். ‘ஸ்ரீ’ திரையில் ஒன்றுபோலவே தெரிந்தாலும், ஸகரத்தில் தொடங்கியும் 2005-இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்கியும் இருவிதமாகக் குறியேற்றப்பட்டுக் கிடக்கிறது. பெயர்ப் பட்டியலில் தேடி ஏமாந்தவர்களுக்கு இது தெரியும்.

இந்த உழைப்பைத் தாங்கிய சூழலையும் சொல்ல வேண்டும். டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் இந்தியப் பயனர் குழு 1998-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கியது. அதில் முன்னின்றவர் சி.வி. ராதாகிருஷ்ணன். டெக் பயனர்களின் பன்னாட்டு மாநாடு 2002 செப்டம்பரில் அங்கே டெக்னோபார்க்கில் நடந்தது. 2001 ஜூலை 20-இல் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முன்னோடி ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை அந்நகரில் தொடங்கிவைத்தார். கோழிக்கோட்டு வட்டாரப் பொறியியல் கல்லூரி மாணவரிடம் தொடங்கிய சுதந்திர மலையாளக் கணினியியல் குழுவும் அதே காலத்தது. 2011-இல் கட்டற்ற மென்பொருளுக்கென்றே அரசு அமைத்த ஐசிஃபாஸ் திருவனந்தபுரத்தில் எழுந்தது.

இச்சூழலில் வளர்ந்த கருவிகளில் தமிழர் கவனிக்க வேண்டியது சொல்லுடைப்பு. கைபேசியின் குறுகிய திரையில் ஒட்டுநிலை மொழிகளின் நீண்ட சொற்கள் வரியை விட்டு வழியும். அல்லது வரியின் இடையே அசிங்கமான வெற்றிடம் விழும். ஆங்கிலச் சொல்லை உடைக்கும் விதிகள் உச்சரிப்பையும் சொல்லின் பிறப்பையும் பார்க்க வேண்டும். நமக்கு எழுத்தின் எல்லை தெரிந்தாலே பெரும்பாலும் போதும், குறியை அதன் மெய்யிலிருந்து பிரித்துவிடக் கூடாது. இதைப் பயன்படுத்திச் சந்தோஷ் தோட்டிங்கல் இந்திய மொழிகளுக்குச் சொல்லுடைப்பு விதிகள் எழுதினார். டெக் தொகுப்பில் உள்ள தமிழ் விதிக்கோப்பும் அவர் எழுதியதே. தமிழ்ச் சொல் வரி முடிவில் ஒழுங்காக உடைவதற்குக் கேரளத்து நிரலாளர் ஒருவர் வழிசெய்திருக்கிறார்.

வரி இடைவெளியிலும் மலையாள வடிவமைப்பாளர்கள் பெற்ற அனுபவம் நமக்கு உதவும். பழைய லிபியின் கூட்டெழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி இறங்கும். ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளியை அப்படியே வைத்தால் மேல்வரியின் அடுக்கு கீழ்வரியின் தலையில் மோதும். எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்காவது வரி உயரம் தர வேண்டியிருக்கும். தமிழில் அடுக்கு இல்லை. என்றாலும் கி, கீ வரிசையின் மேல்வளைவும் ழு, ளு வரிசையின் கீழிறக்கமும் நெருங்கும் பக்கங்களில் அதே இடிபாட்டைக் காணலாம்.

எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும் வழி 2009-க்குப் பின் உலாவிகளில் பரவலானது. 2011-இல் இந்திய மொழி விக்கிப்பீடியாக்கள் அந்த வசதியைப் பெற்றன. அதன்பின் வாசகர் எதையும் நிறுவ வேண்டியதில்லை. 2016-இல் தோட்டிங்கல் வடிவமைத்த மஞ்சரி, முனைகள் உருண்ட நவீன எழுத்துரு. 2019 பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாளில் வெளியான காயத்ரியை வரைந்தவர் பினோய் டொமினிக். செலவை ஏற்றது திருவனந்தபுரத்திலுள்ள அரசு நிறுவனமான கேரள பாஷா இன்ஸ்டிடியூட். 1971-இல் ஆணை பிறப்பித்த அரசின் கீழுள்ள நிறுவனமே, கூட்டெழுத்துகள் நிறைந்த கட்டற்ற எழுத்துரு ஒன்றுக்குப் பணம் கொடுத்தது. 2022-இல் அரசின் வல்லுநர் குழு பழைய லிபியின் ஒரு பகுதியை மீட்கப் பரிந்துரைத்தபோது, இணையத்தில் அது ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருந்தது.

சுதந்திர மலையாளக் கணினியியல் குழு தமிழுக்கும் ஓர் எழுத்துரு செய்திருக்கிறது. மீரா இனிமை என்பது அதன் பெயர். கூகுள் எழுத்துருத் தொகுப்பில் கட்டற்ற உரிமத்தோடு கிடைக்கிறது. தமிழ்ப் பக்கம் அமைக்கும் எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.