மரத்தின் மேல் மரம்

ஆங்கில நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1864-65ல் மாதப் பகுதிகளாக எழுதி வெளியிட்ட நாவலில் ஒரு பணக்காரத் தம்பதி வருகிறார்கள். வீடு புதிது, மேஜை நாற்காலி புதிது, வண்டி குதிரை புதிது, சிநேகிதர்கள்கூடப் புதியவர்கள். அவர்களுக்கு டிக்கன்ஸ் சூட்டிய பெயர் வெனீரிங். மட்டமான மரத்தின் மேல் உயர்ந்த மரத்தை மெல்லிய தகடாகச் சீவி ஒட்டுவதற்கு இங்கிலீஷில் அதுதான் பெயர். மேலே மினுக்கு, உள்ளே ஒன்றும் கிடையாது என்பதை அந்த ஒரு சொல்லிலேயே சொல்லிவிட்டார்.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு டிக்கன்ஸைக் குறை சொல்ல வாய் வராது. ஒரு பாத்திரத்துக்குப் பெயர் வைப்பதற்குள் நான் படும் பாடு எனக்கல்லவா தெரியும்? ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர் தச்சர்களுக்கு அநியாயம் செய்துவிட்டார் என்றே நினைக்கிறேன். பழைய ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றின் மேல்தோலைத் தடவிப் பார்க்கிற போதெல்லாம் அந்த எண்ணம் வலுப்படுகிறது.

வசை டிக்கன்ஸோடு ஆரம்பித்ததும் அல்ல. ரோமாபுரியில் முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்ற பெரியவர், இயற்கையைப் பற்றி எழுதிய மகத்தான நூலில் இதைச் சாடியிருக்கிறார். ஒரே மரத்தைப் பல தடவை விற்றுக் காசாக்குவதற்காகத்தான் மெல்லிய தகடுகளாக அறுக்கும் வித்தையைக் கண்டுபிடித்தார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. ரோமாபுரிச் சீமான்களுக்கு அப்போது மேஜைப் பைத்தியம் பிடித்திருந்தது. வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சிட்ரஸ் என்னும் மரத்தில் செய்த மேஜை ஒன்றுக்குச் சிசரோ 5 லட்சம் செஸ்டர்ஸ் காசு கொடுத்தார் என்று எழுதியிருப்பவரும் இதே பிளினிதான். இப்படி விலை ஏறினால், உள்ளதைச் சீவிச் சீவிப் பலருக்குப் பங்கிடத்தானே செய்வார்கள்!

பிளினிக்கும் பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முந்தியது எகிப்தின் கதை. தீப்ஸ் நகருக்கு எதிர்க்கரையில் ரேக்மிரே என்ற மந்திரியின் கல்லறை இருக்கிறது. அதன் சுவரில் தச்சுப் பட்டறை ஒன்றைச் சித்திரமாகத் தீட்டியிருக்கிறார்கள். அடுப்பின் மேல் வச்சிரப் பானை கொதிக்கிறது. கறுத்த மரத்தகட்டை வெளிறிய பலகையின் மேல் ஒருவன் ஒட்டிக்கொண்டிருக்கிறான். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் அந்த வச்சிரத்தை நம் ஊர் ஆசாரிகளும் நேற்று வரையில் இப்படித்தான் அடுப்பில் வைத்து இளக்கினார்கள்.

எகிப்தியர்கள் ஏமாற்றுவதற்காக இதைச் செய்யவில்லை. அவர்கள் நாட்டில் அத்தி இனத்து மரமும் வேல மரமும்தான் விளைந்தன. கருங்காலி தெற்கேயிருந்து ஆற்று வழியாக வர வேண்டும். தேவதாரு லெபனானிலிருந்து கடல் கடந்து வர வேண்டும். கையகலக் கருங்காலியைக் கொண்டு ஒரு பெட்டி முழுவதையும் அழகாக்கியது சிக்கனமே தவிர மோசடி அல்ல. 1922ல் ஹோவர்டு கார்ட்டர் கண்டுபிடித்த துத்தங்காமன் கல்லறைக்குள் கருங்காலியும் தந்தமும் இழைத்த பெட்டிகள் கிடைத்தன. அரசனுக்குச் செய்த வேலை அது. யாரை ஏமாற்றுவதற்கு?

பிரான்சின் பதினான்காம் லூயி மன்னனுக்கு வேலை செய்த பூல் என்ற நிபுணர் ஆமையோட்டையும் பித்தளைத் தகட்டையும் இழைத்துக் கொடுத்தார். அது எனக்குச் சற்றுத் திகட்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் பிடித்த மோகம்தான் நமக்கு நெருங்கியது. இலங்கைக் காட்டு முதிரை மரம் கப்பலேறி லண்டனுக்குப் போய், பொன் நிறத் தகடுகளாகச் சீமாட்டிகளின் மேஜைகளில் ஒட்டிக்கொண்டது.

அந்த வேலைக்கு யந்திரம் செய்தவர்களில் ஒருவர் மார்க் இசம்பார்டு புரூனெல். 1806ல் தகடு அறுக்கும் யந்திரத்துக்கு உரிமை வாங்கினார். லண்டனுக்கு அருகே பாட்டர்ஸியில் அவருடைய வட்ட ரம்பங்கள் இரைந்து சுழன்றன. 1814ல் ஆலை தீப்பற்றி எரிந்தது. பட்டாளத்துக்கென்று அவர் செய்த பூட்ஸுகள் சமாதானம் வந்ததும் விலைபோகாமல் தேங்கின. 1821ல் கடனுக்காகச் சிறையிலே இருந்தார். அங்கிருந்தபடியே ரஷ்யச் சக்கரவர்த்தியோடு கடிதப் போக்குவரத்து நடத்தவே, இவர் கைநழுவிப் போய்விடுவாரே என்று பயந்து, ஆங்கில அரசாங்கம் 5,000 பவுன் கொடுத்து மீட்டது. பின்னால் தேம்ஸ் நதிக்கு அடியில் சுரங்கம் தோண்டியவரும் இவர்தான். இப்படிப்பட்டவர் வாழ்க்கையை ஒரு நாவலாசிரியன் கற்பனை செய்து எழுதினால், நம்பும்படியாக இல்லை என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

ரம்பம் அறுத்தால் பாதி மரம் தூளாகப் போய்விடும். ஆகையால் பிற்பாடு மரத்தை வேகவைத்துக் கத்தியால் சீவத் தொடங்கினார்கள். தகடு வரவர மெலிந்தது. கையால் அறுத்த காலத்துத் தகடு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். இழைப்புளி போட்டாலும் தாங்கும். இன்றையத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இராது. பழைய பெட்டியைப் புதுப்பிக்கிறவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

ஒலிபெருக்கிக்கு வருவோம். இன்றும் நாம் உபயோகிக்கும் அமைப்பை, அதாவது காந்தத்துக்குள் சுருள் கம்பி ஆடக் காகிதக் கூம்பு அதிரும் அமைப்பை, 1925ல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த ரைஸும் கெல்லாகும் விளக்கி எழுதினார்கள். கூம்பு முன்னால் தள்ளும் காற்றுக்கு நேர்மாறாகப் பின்னால் இழுக்கும். இரண்டும் கலந்தால் தாழ்ந்த சுருதிகள் மாய்ந்துவிடும். அதைத் தடுக்கப் பெட்டி அவசியமாயிற்று. பெட்டி வந்தது, கூடவே அதுவும் சேர்ந்து பாடுகிற தொல்லையும் வந்தது. வீணைக்குக் குடம் பாட வேண்டும். ஒலிபெருக்கிக்குப் பெட்டி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். யார்க்ஷயரில் வார்ப்டேல் கம்பெனியை நடத்திய கில்பர்ட் பிரிக்ஸ் இரண்டு பலகைகளுக்கு நடுவே மணலைக் கொட்டிப் பார்த்தார்; செங்கல்லால் கட்டியும் பார்த்தார்!

இந்த இடத்தில்தான் டிக்கன்ஸின் கேலி பொய்த்துப் போகிறது. முழுத் தேக்கிலோ வால்நட்டிலோ பெட்டி செய்தால் உயர்ந்தது என்று நினைக்கிறோம். ஆனால் முழு மரம் மழைக்காலத்தில் அகலும், கோடையில் சுருங்கும். நாலு பக்கமும் இறுக்கி ஒட்டினால் ஒரு நாள் வெடித்து வழிவிடும். காற்று புகாத பெட்டிக்கு அது எமன். மரச்சிராயைப் பசையோடு அழுத்திச் செய்த பலகைக்கு இழை என்று ஒன்று கிடையாது. ஆகவே எந்தப் பக்கமும் இழுக்காது. அதிர்ச்சியையும் ஓரளவு விழுங்கும். அழகு மட்டும் இல்லை. அழகை ஒட்டிக்கொண்டால் போயிற்று! உள்ளே இருப்பதுதான் இங்கே வேலைக்கு உகந்தது. மேலே இருப்பது நம் கண்ணுக்காக.

அமெரிக்காவில் எட்கர் வில்சூர் என்ற ஆசிரியர் 1954ல் அக்கவுஸ்டிக் ரிசர்ச் என்ற கம்பெனியைத் தொடங்கினார். பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்லாக உபயோகித்துச் சின்னப் பெட்டியில் பெரிய ஒலியை வரவழைத்தது அவர் சாதனை. முதல் மாதிரிக்கு மெத்தை உறைத் துணியை வெட்டித் தைத்துக் கொடுத்தது அவர் மனைவி ரோஸ்மேரி என்பார்கள். அலமாரி அளவிலிருந்த ஒலிபெருக்கி 25 அங்குல நீளப் பெட்டியாகிப் புத்தகத் தட்டில் ஏறிற்று. கூடத்தில் நடுநாயகமாக உட்காருகிற பொருளுக்கு முகம் வேண்டும் அல்லவா? வால்நட், மகோகனி, பிர்ச் என்று மேல்தகடு ஒட்டிக் கொடுத்தார்கள். மெருகிடாத வெறும் பெட்டியாகவும் விலையைக் குறைத்து விற்றார்கள். உள்ளே ஒலி எல்லாவற்றிலும் ஒன்றுதான். அதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லி விற்ற நாணயம் எனக்குப் பிடித்திருக்கிறது.

என் நண்பர் ஒருவரிடம் அந்த வம்சத்துப் பெட்டிகள் இரண்டு இருக்கின்றன. பாஸ்டனில் படிக்கப் போன அவருடைய சிற்றப்பா 1960களில் கொண்டுவந்தவை. ஒன்றின் தலையில் பூச்சட்டி வைத்து வைத்துக் கறுப்பு வட்டம் விழுந்திருந்தது. ஓரத்தில் தகடு உரிந்திருந்தது. ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இதைப் போய்ச் சீர் பண்ணுவானேன் சார்? பூராவையும் சுரண்டிப் போட்டுட்டு மைக்கா ஒட்டிடலாம். அரை நாள் வேலை. தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது."

ஆசாரி சொன்னதில் தப்பில்லை. மைக்கா உழைக்கும். ஆனால் இரண்டு பெட்டிகளையும் அடுத்தடுத்து வைத்து உற்றுப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. ஒன்றின் மேலிருந்த அலையலையான ரேகை மற்றதன் மேல் கண்ணாடி பிம்பம்போல் திரும்பி ஓடியது. ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய தகடுகள் அவை. ஒன்றைச் சுரண்டினால் மற்றது துணையை இழந்துவிடும். அந்தக் கட்டை இனி எங்கேயும் கிடையாது.

நண்பர் அன்றைக்கே முடிவு செய்யவில்லை. ஆசாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு, பத்து நாள் யோசித்துத் தாமே வேலையில் இறங்கினார்.

முதலில் மெருகு இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும். மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தால் பிசுபிசுக்குமானால் அது அரக்கு மெருகு. தின்னருக்குக் கரைந்தால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பெரும்பாலும் எண்ணெய். அவருடையது எண்ணெய். கறுப்பு வட்டம் இரும்புச் சட்டியின் துருவும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்த கறை. ஆக்ஸாலிக் அமிலத்தை நீரில் கரைத்துத் தடவினால் வெளுக்கும். உப்புத்தாளால் அதைத் துரத்தப் பார்த்தால் கறை போவதற்குள் தகடு போய்விடும். உரிந்த ஓரத்தை, அது வச்சிரத்தால் ஒட்டியிருந்தால், ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் மெதுவாகச் சுட்டாலே பழைய பசை இளகிப் பிடித்துக்கொள்ளும். பழைய ரேடியோப் பெட்டிகளில் இது நடக்கும். இவருடைய பெட்டியில் புதுக்காலத்துப் பசை. ஊசியால் புதிதாகச் செலுத்தி எடை வைத்து அமுக்கினார்.

தகடு முழுவதும் போய்விட்ட பெட்டிக்குப் புதிதாக ஒட்டுவதும் வீட்டிலேயே ஆகிற காரியம்தான். தச்சர்களின் வெள்ளைப் பசையைப் பெட்டியிலும் தகட்டிலும் பூசி, கையில் ஒட்டாதவரை உலரவிட்டு, சுற்றிலும் சற்று மிச்சம் இருக்கும்படி பொருத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்கு இஸ்திரி போட வேண்டும். பிறகு விரல் கணுவால் தட்டிப் பார்க்க வேண்டும். தேங்காய் தட்டுகிற காது இதற்குப் போதும். பொள்ளென்று கேட்ட இடத்தில் மறுபடியும் சூடு. பக்கங்கள் முதலில், மேல்பலகை கடைசியில் என்று ஒட்டினால் இணைப்புக் கோடு மேலிருந்து பார்க்கிறவன் கண்ணில் படாது. தனிப் பலகையாக இருந்தால் மறுபக்கத்திலும் ஒரு தகடு ஒட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் உலர்கிற தகடு பலகையையே வில்லாக வளைத்துவிடும்.

ஈட்டி மரத் தகடுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. பிரேசில் ஈட்டியின் சர்வதேச வியாபாரத்தை 1992லேயே தடுத்தார்கள். 2017லிருந்து நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டியும் அந்த உடன்படிக்கையின் கண்காணிப்புப் பட்டியலில் இருக்கிறது. பிளினி பழித்த அதே வித்தையில்தான் ஒரு மரம் பல வீடுகளுக்குப் போதுமானதாகிறது.

அரக்கு மெருகைப் பற்றி ஒரு வார்த்தை. சோட்டா நாகபுரிக் காடுகளில் பூச்சிகள் மரக்கிளையில் சுரக்கும் அரக்கைச் சுரண்டி எடுத்து உலகமெங்கும் அனுப்பினோம். அதை ஸ்பிரிட்டில் கரைத்துக் கிராமபோன் பெட்டிக்கு மெருகிட்டார்கள். அதையே கல்தூளோடு குழைத்து அதன் மேல் சுழலும் இசைத்தட்டையும் வார்த்தார்கள். 1942ல் யுத்த நெருக்கடியில் அமெரிக்காவில் அரக்குக்குக் கட்டுப்பாடு வந்தபோது இசைத்தட்டுக்காரர்கள் பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கி உருக்கினார்கள்.

நண்பர் அரக்கைத் தொடவில்லை. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் விட்டு இன்னொரு பூச்சு என்று ஐந்து பூச்சு கொடுத்தார். அந்தத் துணிகளைச் சுருட்டிக் குப்பையில் எறியக் கூடாது. எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு பிறக்கும். சுருண்ட துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடித்துக்கொள்ளும். ஆகவே மொட்டை மாடிக் கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப் போட்டிருந்தார். யார் வீட்டுக் கரித்துணி இவ்வளவு மரியாதையாகத் தொங்குகிறது என்று பக்கத்து வீட்டு அம்மாள் விசாரித்தாளாம்.