கடற்கரைப் பட்டினங்களும் நம் முன்னோர் நெய்த துணியும்

நெசவையே குலத்தொழிலாகக் கொண்ட நம்மவருள் பலர், தறிக்கும் கடலுக்கும் யாது தொடர்பு என்று வினவுதல் கூடும். அவ்வினாவிற்கு விடை காணும் பொருட்டு, யாம் அண்மையில் பழவேற்காடு தொடங்கித் தரங்கம்பாடி ஈறாகக் கடலோரச் சாலை வழியே நான்கு ஊர்களைக் கண்டு வந்தோம். வலைகள் உலரும் மணலும், கரையேற்றிய படகுகளும், அலையோசையுமே இன்று அவ்வூர்களில் முதலிற் கண்ணுக்கும் செவிக்கும் புலப்படுவன. ஆயின், ஒரு காலத்தில் நம் நாட்டுத் துணி உலகிற்குச் சென்ற வாயில்கள் இவையே.

சென்னைக்கு வடக்கே, ஏரி கடலோடு கூடும் இடத்தருகே உள்ளது பழவேற்காடு. ஒல்லாந்தர் 1613-ஆம் ஆண்டில் இங்குக் கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டி முடித்தனர். கிராம்பும் சாதிக்காயும் விளையும் கீழ்த்திசைத் தீவுகளில் மக்கள் பெரிதும் விரும்பியது நம் நாட்டுத் துணியையே. ஆதலின் இங்குத் துணி கொண்டு அங்கு வாசனைப் பொருள் வாங்குதலே அவர்தம் வாணிக முறையாயிற்று. இன்று கோட்டையிருந்த இடம் செடி கொடி மூடிய மேடு. ஒல்லாந்தர் கல்லறைகளோ சித்திர வேலைப்பாட்டுடன் நிற்கின்றன. கல்லில் வெட்டிய பெயர்களை இன்றும் படிக்கலாம்.

சென்னையைக் கடந்து, மாமல்லபுரத்திற்குத் தெற்கே சென்றால் சதுரங்கப்பட்டினம். இங்கும் ஒல்லாந்தர் கோட்டையே. அதன் செங்கல் மதில் கடலை நோக்கி நிற்கிறது; உள்ளே பண்டகசாலைகளின் இடிபாடுகள். நுண்ணிய துணிக்குப் பெயர் பெற்ற இத்துறையை ஆங்கிலேயர் 1781-ஆம் ஆண்டில் கைப்பற்றினர். இடையில் ஒல்லாந்தர்க்குத் திரும்பக் கிடைத்தும், 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, ஏனைய ஒல்லாந்தர் துறைகளோடு இதுவும் ஆங்கிலேயர்க்கே உரியதாயிற்று.

மேலும் தெற்கே, வெள்ளாற்றின் கழிமுகத்தில் உள்ளது முகமதுபந்தர் என்றும் வழங்கிய பரங்கிப்பேட்டை. மரக்காயர் மரக்கலங்கள் இங்கிருந்து கடல் கடந்தன. 17-ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இங்குப் பண்டகசாலை வைத்தனர். 1781-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் பொருததும் இவ்வூரருகேதான். அப்போரின் பெயர் சரித்திர நூல்களில் உளது. அப்போராண்டுகளில் தறியை விட்டு ஓடிய நெசவாளர் பெயர் அவற்றில் இல்லை.

இறுதியாகத் தரங்கம்பாடி. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்பாடு செய்துகொண்டு டேனியர் 1620-ஆம் ஆண்டில் இங்குக் கோட்டை எடுத்தனர். 1845-ஆம் ஆண்டில் இவ்வூரை ஆங்கிலேயர்க்கு விற்றுவிட்டனர். கரையிலுள்ள மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது.

இவ்வூர்கள் ஏன் அடங்கின? கப்பல் வரவு நின்றமையால் என்பர். அது முடிவேயன்றிக் காரணமன்று. ஒல்லாந்தர், டேனியர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் ஆகிய நால்வரும் ஒரே கரையில் துணிக்குப் போட்டியிட்ட காலத்தில், நெசவாளனுக்கு ஒரு வலிமை இருந்தது. முன்பணம் பெற்றவனாயினும், விலை ஒவ்வாதெனின் பணத்தைத் திருப்பித் தந்து, துணியை வேறொருவர்க்கு விற்க இயன்றது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கும்பினியார் வாணிகரோடு அரசருமாயினர். பிறர்க்கு விற்றல் தடுக்கப்பட்டது, முன்பணம் விலங்காயிற்று. பிரெஞ்சுக்காரர் 1954 வரை புதுச்சேரியில் இருந்தனராயினும், அவர் வாணிகம் முன்போற் போட்டியிடும் வலி இழந்திருந்தது. வாங்குவோன் ஒருவனே ஆனபின் விலை கூறும் வாய் நெசவாளனுக்கு இல்லை. அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் இயந்திரத் துணி வந்து இறங்கியபோது, அவன் முன்னரே தளர்ந்திருந்தான். 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்தினின்று புகைவண்டி ஓடத் தொடங்கிற்று. பின்னர்ச் சென்னையில் துறைமுகமும் எழுந்தது. சிறு துறைகள் மணலோடு தனித்தன.

இதனைக் கூறுதல் பழம்பெருமை பேசுதற்கன்று. அத்துணி நம் கை மட்டும் பட்டதுமன்று. நூல் நூற்ற பெண்டிர், சாயமேற்றியோர், வெளுத்தோர், சிப்பங்களை அலைகடந்து கப்பலேற்றிய படகோட்டிகள் ஆகிய பல குலத்தார் உழைப்பும் அதில் உண்டு. யாம் வருந்துவது ஒன்றிற்கே. வாங்கியவன் பெயர் கல்லில் இருக்கிறது. நெய்தவன் பெயர் எங்கும் இல்லை.

ஆயினும் சில எஞ்சியிருத்தல் கூடும். நம் வீட்டுப் பரண்களில் கிடக்கும் ஓலைகள், கடன் பத்திரங்கள், பழங்கணக்குகள், 'நம் பாட்டன் இன்ன ஊரினின்று வந்தவர்' என்று முதியோர் கூறும் சொற்கள் ஆகியனவே நமக்குரிய கல்வெட்டுகள். அன்பர்கள் அவற்றைச் செல்லுக்கும் நெருப்புக்கும் இரையாக்காது, மூலத்தைத் தம்மிடமே காத்து, படியெடுத்து நம் சங்கத்திற்கு அனுப்புவாராக. முதியோர் சொல்வனவற்றை அவர் இருக்கும்போதே எழுதிக்கொள்வாராக. தரங்கம்பாடிக் கரையில் கடல் கற்களைக் கொண்டுபோதலைக் கண்ணாரக் கண்டோம். நினைவு அதனினும் விரைந்து போவது.