தேனீக்கு மசியாத கமலா

1873-ஆம் ஆண்டு தெற்கு கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு என்ற புதிய குடியிருப்பில் எலைசா டிப்பெட்ஸ் என்ற பெண்மணிக்கு வாஷிங்டனிலிருந்து சில ஆரஞ்சுக் கன்றுகள் வந்து சேர்ந்தன. பிரேசிலின் பாயியா பகுதியில் கிடைத்த ரகம். வளர்த்துப் பாருங்கள் என்று அமெரிக்க வேளாண் துறை அனுப்பியிருந்தது. வீட்டுப் பக்கத்திலேயே நட்டு, பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றி வளர்த்தார் என்று ஊரில் சொல்வார்கள். காய்த்த பழத்தை அறுத்தால் உள்ளே கொட்டையே இல்லை. ஒரு வீட்டு முற்றத்தில் நின்ற அந்த மரங்களிலிருந்து மொட்டெடுத்து ஒட்டுக்கட்டியே கலிஃபோர்னியாவின் ஆரஞ்சுத் தொழில் எழுந்தது. 1907-இல் அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையமும் வந்தது. பிற்காலத்தில் அதுவே பல்கலைக்கழகமானது. கொட்டையில்லாத பழம் என்றால் காசு என்பதை ரிவர்சைடு முதல் தலைமுறையிலேயே கண்டுகொண்டது. ஆனால் இரண்டாவது முறை அதிர்ஷ்டம் அவ்வளவு சுலபமாக வாசலில் வந்து இறங்கவில்லை.

அது நாட்டின் மறுகோடியில், ஃபுளோரிடாவில் தொடங்கியது. 1913-இல் சேஃப்டி ஹார்பர் என்ற ஊரில் ஆர். டி. ஹாய்ட் என்பவருக்கு வேளாண் துறையிலிருந்து ஒரு சோதனை மரம் வந்தது. கமலாவுக்கும் ஆரஞ்சுக்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு கலப்பு. தாய் எது, தகப்பன் எது என்று எந்தக் குறிப்பும் மிஞ்சவில்லை. பக்கத்து ஊரில் நாற்றங்கால் வைத்திருந்த சார்லஸ் மர்காட் ஸ்மித் 1922 வாக்கில் அதிலிருந்து ஒட்டுக்கன்றுகள் கட்டினார். மரத்துக்கு அவர் பெயரே நிலைத்தது: மர்காட். தேனாய் இனிக்கும் பழம். ஆனால் கொட்டைகள் இருபதுக்கு மேலும் இருக்கும்; ஒவ்வொரு சுளைக்கும் துப்ப வேண்டும். அப்படியொரு பழத்துக்கு உலகச் சந்தையில் என்ன எதிர்காலம் இருந்திருக்கும்? ஒரு மொரோக்கோக்காரர் இல்லாவிட்டால், பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது.

அட்லஸ் மலையடிவாரத்தில் அஃபுரேர் என்ற ஊரில் மொரோக்கோ அரசின் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை இருந்தது. அங்கே எல் பஷீர் நடோரி மர்காட் விதையிலிருந்து முளைத்த கன்றுகளில் ஒன்றைத் தனித்துக் கவனித்தார். பழம் அடர்ந்த செம்மஞ்சள். தோல் விரலோடு உரிந்து வந்தது. மற்ற கமலாக்கள் ஓய்ந்த பிறகு, குளிர்காலத்தின் பின்பாதியில் பழுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே கொட்டை இல்லை. 1980-களின் நடுவில் அதன் மொட்டுக்குச்சிகள் கலிஃபோர்னியாவுக்குப் போயின. டபிள்யூ மர்காட் என்ற பெயரில் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் ஏக்கர் கணக்கில் மரங்கள் எழும்பின. குழந்தைகள் தாமாகவே உரித்துத் தின்னும் சின்னஞ்சிறு கமலா என்று கடைகளில் பெட்டி பெட்டியாக விற்றது. ஆனால் அந்தப் பழத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது.

தனியாக நின்றால்தான் அதற்குக் கொட்டை கிடையாது. இந்த மரத்தின் மகரந்தம் இதன் சூலிலேயே சேராது. ஆனாலும் கருவுறாமலே காய் பிடிக்கும் குணம் உண்டு. அதனால் ஒரே ரகமாக நின்ற தோப்பில் பழமெல்லாம் வெறும் சுளை. பக்கத்தில் வேறொரு கமலாவோ பம்ளிமாஸோ பூத்திருந்து, அந்த மகரந்தத்தைக் காலில் ஒட்டிக்கொண்டு ஒரே ஒரு தேனீ வந்து போனால் போதும். பார்வைக்கு அதே பழம், உள்ளே பத்து இருபது கொட்டை. வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. வாங்கிய வீட்டில், குழந்தையின் வாயில்தான் தெரியவரும்.

ரிவர்சைடு பல்கலைக்கழகத்தில் மிக்கேல் ரூஸும் டிம் வில்லியம்ஸும் 1995-இல் இதற்கு ஒரு முரட்டு வைத்தியத்தைத் தொடங்கினார்கள். பென்சில் கனத்துக்கு வெட்டிய மொட்டுக்குச்சிகளைக் காமா கதிர் முன்னால் வைத்தார்கள். கதிர் கூடினால் மொட்டு செத்துவிடும்; குறைந்தால் ஒன்றும் மாறாது. இடையில் ஒரு மெல்லிய கோடு, அதிலும் எந்த மொட்டில் என்ன உடையும் என்பது முழுக்கக் குருட்டாம்போக்கு. பிழைத்த மொட்டுகளை வேர்ச்செடியின் பட்டையில் ‘டி’ வடிவக் கீறலிட்டுச் செருகி, நாடா சுற்றினார்கள். பிறகு காத்திருப்பதைத் தவிர வழியில்லை. கமலா மரம் பூத்துக் காய்த்து, தன் குணத்தைக் காட்ட ஆண்டுகள் ஆகும்.

காய்த்த பிறகும் நம்ப முடியாது. கதிர் பட்ட மொட்டில் ஒரு பகுதி மாறியிருக்கும், ஒரு பகுதி பழையபடியே இருக்கும். ஒரே மரத்தில் ஒரு கிளை கொட்டையில்லாமலும் அடுத்த கிளை கொட்டையோடும் காய்க்கக்கூடும். அதனால் நல்ல கிளையின் மொட்டை எடுத்து மறுபடி கட்ட வேண்டும், மறுபடி காத்திருக்க வேண்டும். தேறியவற்றை ஒதுக்கிவைத்துக் காப்பாற்றவும் கூடாது. மகரந்தம் கொழித்த மற்ற ரகங்களுக்கு நடுவே, தேனீக்கள் தாராளமாகப் புழங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். எந்த ஆபத்துக்காக மரத்தை உருவாக்கினார்களோ, அந்த ஆபத்துக்கு நடுவிலேயே அதை வைத்துப் பார்த்தார்கள். பழத்தைக் குறுக்காக அறுப்பது, கத்தி முனையால் சுளைகளைக் கிளறிக் கொட்டைகளை எண்ணுவது, எழுதுவது, அடுத்த பழம். என் கணக்கில் இந்தக் கதையின் உண்மையான சாகசம் கதிரில் இல்லை, இந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. அவர்கள் எண்ணிக்கொண்டிருந்தபோது, வடக்கே பள்ளத்தாக்கில் சண்டை மூண்டது.

பிப்ரவரியில் பாதாம் பூக்கும்போது நாடெங்கிலுமிருந்து தேன்பெட்டிகள் கலிஃபோர்னியாவில் வந்து இறங்கும். பாதாம் முடிந்ததும் தேனீ வளர்ப்போர் பெட்டிகளை ஆரஞ்சுத் தோப்புகளின் ஓரத்துக்கு நகர்த்துவார்கள். ஆரஞ்சுப்பூத் தேனுக்கு நல்ல விலை. தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த வழக்கம். கமலாத் தோட்டக்காரர்களுக்கு இப்போது அதுவே எமனாகத் தெரிந்தது. தோப்பிலிருந்து இரண்டு மைலுக்குள் பெட்டி வைக்காதே என்றார்கள். வழக்குப் போடுவோம் என்று கடிதங்கள் பறந்தன. தேனீக்கு வேலி போட முடியுமா என்று மறுபக்கம் கொதித்தது. தகராறு மாநிலச் சட்டமன்றம் வரை போய், பூக்கும் பருவத்தில் தேன்பெட்டிகளையும் கமலாத் தோப்புகளையும் பதிவு செய்யச் சொல்லும் விதிகளாக 2009-இல் வந்து நின்றது. சில தோட்டக்காரர்கள் பூக்கும் வாரங்களில் வரிசை வரிசையாக மரங்களின் மேல் வலை போர்த்தினார்கள். செலவு கையைக் கடித்தது. ஆனால் மருந்து அதற்குள் கைக்கு வந்திருந்தது.

2006-இல் ரிவர்சைடு தன் மரத்தை வெளியே விட்டது. வைத்த பெயர் டேங்கோ. சுற்றிலும் எது பூத்திருந்தாலும், எத்தனை தேனீ வந்தாலும், சராசரியாக ஐந்து பழத்துக்கு ஒரு கொட்டை. நிறம், இனிப்பு, உரியும் தோல் எல்லாம் தாய் ரகத்தினுடையவை. கதிர் குரோமோசோமை உடைத்துப் போட்டிருக்க வேண்டும் என்பது கணிப்பு. உடைந்த துண்டு ஒழுங்கு மாறி ஒட்டிக்கொண்டதால், மகரந்தமும் சூலும் உருவாகும் நேரத்தில் ஜோடி சேராமல் குழம்பிப் போகிறது. கருவுறாமலே காய் பிடிக்கும் குணம் மட்டும் சேதமில்லாமல் தப்பித்தது. இரண்டும் சேர்ந்து உடைந்திருந்தால் காயே கிடைத்திருக்காது. இந்த மரத்தின் மகரந்தமும் செத்ததுதான் என்பதால் பக்கத்து மரத்தின் பழத்தையும் இது கெடுப்பதில்லை. உடைந்த இடம் ஒரு முடி தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

பெருந்தோட்டங்களின் சண்டையைத் தீர்க்கப் பிறந்த மரம், பிறகு வீட்டுத் தோட்டங்களுக்கும் வந்தது. அங்கேதான் இதன் அருமை முழுதாகத் தெரிகிறது என்பேன். இரண்டு மைலுக்குத் தேன்பெட்டி வராமல் பார்த்துக்கொள்ள ஒரு பெரிய தோட்டக்காரர் முயன்றாவது பார்க்கலாம். கொல்லையில் ஒற்றைக் கமலா வைத்திருப்பவர் அடுத்த வீட்டுப் பம்ளிமாஸை என்ன செய்ய முடியும்? தெற்கு கலிஃபோர்னியாவின் தெருக்களில் வேலிக்கு வேலி ஏதோ ஒரு நாரத்தை இனம் நிற்கிறது. அதற்கு நடுவே டேங்கோ தன்பாட்டில் நிற்கும். அடர்பச்சை இலை, வசந்தத்தில் மணக்கும் வெள்ளைப் பூ, ஜனவரியிலிருந்து மாதக்கணக்கில் கிளையிலேயே தொங்கும் பழம். அழகுக்கு நட்டவருக்கும் குறையில்லை, தின்ன நட்டவருக்கும் குறையில்லை. விதையால் பெருக வழியில்லாததால் இன்றுள்ள ஒவ்வொரு டேங்கோ மரமும் 1995-இல் கதிர் பட்ட அந்த ஒற்றை மொட்டின் துண்டுதான்.

ரிவர்சைடு அத்தோடு நிற்கவில்லை. கின்னோ என்ற கமலா ரகத்தையும் கதிர் முன்னால் வைத்தது. கின்னோ பிறந்ததும் அங்கேதான். 1915-இல் ஃபிராஸ்ட் என்ற விஞ்ஞானி செய்த கலப்பு அது. 1935-இல் வெளியாகி, கடல் கடந்து, எல்லைக்கு இருபுறமும் பஞ்சாபின் தோப்புகளை நிறைத்துவிட்டது. சாறு கொழிக்கும், கொட்டையும் கொழிக்கும். ரிவர்சைடின் மாற்று ரகத்தில் பழத்துக்கு இரண்டு மூன்று கொட்டைதான். லூதியானாவின் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகமும் கொட்டை குறைந்த கின்னோவை வெளியிட்டிருக்கிறது. அங்கே ஒட்டுக்கன்றுகள் இப்போது தோட்டக்காரர்களின் கைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.