கிழங்கின் தோல்

பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பழைய மாணவர் ஒருவர் வட்டமான பாலாடைக்கட்டி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அதன் வெண்மையான மேல்தோலைச் சீவி எறியப்போன என்னைத் தடுத்து, "அதையும் உண்ணலாம் ஐயா, நல்ல பூஞ்சைதான்" என்றார். கேமம்பேர் வகையின் தோல் உண்ணத்தக்கது, கௌடா, எடாம் ஆகியவற்றின் மேலுள்ள மெழுகு உணவன்று என்று அவர் விளக்கிக்கொண்டிருக்க, என் மனம் மரவள்ளிக் கிழங்கை நாடிற்று. சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்தவனுக்குத் தோலைத் தின்னலாமா என்னும் கேள்வி முதலில் அந்தக் கிழங்கைப் பற்றியதே.

மரவள்ளி நம் நிலத்துக்குப் புதியது. பறம்பு மலையின் வளம் பாடும் கபிலர் (புறநானூறு 109) குறிக்கும் வள்ளிக்கிழங்கு கொடியினது. தென் அமெரிக்காவில் தோன்றிப் போர்த்துக்கீசியர் வழியாக மலையாளக் கரைக்கு வந்த இக்கிழங்குக்கு, அப்பழம்பெயரையே 'மரம்' என்னும் அடையோடு சூட்டிவிட்டார்கள். தண்டைக் குச்சிகளாக நறுக்கி நடுவதால் எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்போம். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இப்பயிரைப் பரப்பினார். வேகவைத்த நீரை வடித்துக் கொட்டவேண்டும் என்பதையும் சேர்த்தே அரண்மனை கற்பித்ததாகச் சொல்வார்கள்.

இக்கிழங்குக்குத் தோல் இரண்டு. மேலே மண்ணிறத்தில் மெல்லிய செதில். அதனடியில் தடித்த வெண்பட்டை, சில வகைகளில் இளஞ்சிவப்பு. என் அம்மாயி நீளவாக்கில் ஒரு கீறல் கீறிக் கட்டைவிரலை நுழைத்து நெம்புவார். பட்டை சுற்றிலும் முழுதாகக் கழன்று வரும். உரித்த தோலை அப்படியே வாசலில் போட்டுவிட்டு நான் விளையாடப் போன ஒருநாள், ஆட்டுக்குட்டி ஒன்று அதைத் தின்று மூச்சுத் திணறி இறந்தது. அன்று வாங்கிய அடி இன்றும் நினைவிருக்கிறது.

குட்டியைக் கொன்றது சயனைடு. கிழங்கின் திசுக்களில் லினமரின் என்னும் பொருள் ஓரிடத்திலும் அதைச் சிதைக்கும் நொதி வேறோரிடத்திலும் தனித்தனியே இருக்கின்றன. கடித்தாலோ அரைத்தாலோ இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு பிறக்கிறது. பெரும்பாலான வகைகளில் சதையைவிடத் தோலில் லினமரின் மிகுதி. இந்நஞ்சு சுமார் 26 பாகை செல்சியசிலேயே ஆவியாகிவிடும். லினமரினோ நீரில் கரையும். ஆகவே தோலை உரி, சிறிதாக நறுக்கு, திறந்த பாத்திரத்தில் வேகவை, நீரை வடி என்று அம்மாயி கடைப்பிடித்த ஒழுங்கில் தேவையற்றது ஒன்றுமில்லை. வேதியியல் அவர் அறியாதது. செத்த ஆடுகளை அறிவார்.

அப்படியானால் தோல் உணவே ஆகாதா? சாவகத்தில் ஆகிறது. அங்கே மேற்செதிலைச் சுரண்டிவிட்டு, உட்பட்டையை ஊறவைத்து, வேகவைத்து நீரை வடித்து, மிளகாயுடன் வதக்கி உண்கிறார்கள். அப்பளம் போலப் பொரிப்பதும் உண்டு. ஆனால் உழைப்பைச் சுருக்கினால் சதையே நஞ்சாகும். மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் 1981ஆம் ஆண்டு வறட்சியில், பசி பொறுக்காமல் கசப்புக் கிழங்கைப் போதிய நாள் உலர்த்தாது உண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கால்கள் முடங்கினர்.

பசி எங்கள் மாவட்டத்திலும் இக்கிழங்கோடு மோதியது. இரண்டாம் உலகப்போரில் கடல்வழி ஜவ்வரிசி வரத்து நின்றபோது, சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும் மலேயாவில் தொழில் கண்டிருந்த பொபட்லால் ஷாவும் 1943இல் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். மறு ஆண்டே பஞ்சம். மக்கள் உண்ணவேண்டிய கிழங்கு ஆலைக்குப் போகலாகாது என்று மாவட்ட ஆட்சியர் தடை விதித்ததையும், ஆலையினர் முறையிட்டு அதை நீக்கியதையும் அத்தொழிலார் தம் வரலாற்றில் பதிந்துள்ளனர். ஆட்சியர் பக்கம் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. எனினும் இன்று ஆத்தூர், இராசிபுரம் வட்டாரங்களில் எத்தனையோ குடும்பங்கள் அந்த ஆலைகளால்தான் உண்கின்றன. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அங்கும் தகராறு தோலில்தான். பெண்கள் கத்தியால் உரித்த காலம் போய் எந்திரம் வந்தது. தோலைச் சரிவர நீக்காமல் அரைத்தால் மாவு மங்கும். நீரில் பலமுறை அலசிப் படியவிடுவதால் சயனைடு பெரும்பாலும் போய்விடும், நிறம் போகாது. வாங்குவோருக்கோ பால்வெண்மை வேண்டும். எனவே சில ஆலைகள் அமிலமும் வெளுப்பு மருந்தும் கலந்தன. உணவுப் பாதுகாப்புத் துறையினர் சோதனை நடத்த நேர்ந்தது. சற்றே மங்கிய ஜவ்வரிசியை நாம் ஏற்றிருந்தால் இவ்வளவும் எதற்கு? கழித்த தோலையும் திப்பியையும் நன்றாக உலர்த்தி மாட்டுத் தீவனமாக விற்கிறார்கள். பச்சையாகத் தின்ற குட்டிக்குத்தான் அந்த வெயில் வாய்க்கவில்லை.

மாணவர் விடைபெற்ற பின் அந்தப் பாலாடைக்கட்டியைத் தோலோடு தின்று பார்த்தேன். காளான் மணமும் சிறு கசப்பும் இருந்தன. இன்னொரு துண்டு வெட்டிக்கொண்டேன்.