கேரளத் தாய்மார் மரண இரகசிய ஆய்வு

கர்ப்ப காலத்திலோ, பிரசவத்தின்போதோ, கர்ப்பம் முடிந்த 42 நாள்களுக்குள்ளோ கர்ப்பம் சார்ந்த காரணங்களால் நேரும் மரணங்களைக் கேரளத்தில் ஆராயும் திட்டம். கேரள மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு மாநில அரசின் ஒத்துழைப்புடன் 2004இல் இதைத் தொடங்கியது. இங்கிலாந்தில் 1952 முதல் நடந்துவரும் ஆய்வே இதற்கு முன்னோடி.

முறை: இறந்தவரின் மருத்துவக் குறிப்புகள் பெயர், மருத்துவமனை அடையாளங்கள் நீக்கப்பட்டு மதிப்பீட்டாளர்களிடம் செல்கின்றன. யார் தவறு என்று அவர்கள் தேடுவதில்லை. எந்தக் கட்டத்தில் என்ன செய்திருந்தால் உயிர் பிழைத்திருக்கும் என்றே பார்க்கின்றனர். தண்டனைக்கு அஞ்சாமல் உண்மை வெளிவர இந்த இரகசியம் இன்றியமையாதது.

கண்டறிந்தவை: பேறுகால இரத்தப்போக்கும் உயர் இரத்த அழுத்தமும் முதன்மைக் காரணங்களாக வெளிப்பட்டன. பிரசவத்துக்குப்பின் கருப்பை சுருங்காவிட்டால் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம்.

விளைவுகள்: அவசரநிலைப் பயிற்சிகளும் சிகிச்சை நெறிமுறைகளும் உருவாயின. ஆய்வை முன்னின்று நடத்திய மருத்துவர் வி. பி. பைலி, கருப்பைத் தமனியை யோனி வழியாகவே பிடித்து இரத்தப்போக்கைத் தடுக்கும் இடுக்கியை வடிவமைத்தார். அறுவைச் சிகிச்சைக்கோ பெரிய மருத்துவமனைக்கோ கொண்டுசெல்லும்வரை தாயின் உயிரைக் காக்க அது உதவுகிறது.

மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி, 2018–20இல் ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்குக் கேரளத்தில் 19 தாய்மார் இறந்தனர். இந்திய சராசரி 97. எஞ்சிய மரணங்களிலும் தவிர்க்கக்கூடியவை உண்டு என்பதால் இவ்வாய்வின் தேவை குறையவில்லை.