பழுக்கக் காத்திருந்த கண்கள்: புரை அறுவையின் ‘காலம்’ குறித்து

தில்லியில் நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரான மூதாட்டி சென்ற மாதம் கண் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தார். வலக்கண்ணில் மோதியாபிந்து இருப்பதாகவும், விரும்பினால் இப்போதே அறுவை செய்துகொள்ளலாம் என்றும் மருத்துவர் கூறினாராம். “ஆனால் பேட்டா, அது இன்னும் பழுக்கவில்லையே” என்றார் என்னிடம். அவர் ஆண்ட இந்தி வினை ‘பக்னா’. சோறு வேகுவதற்கும், மாம்பழம் கனிவதற்கும், கட்டி பழுப்பதற்கும், தலை நரைப்பதற்கும் அந்த ஒரே வினைதான். என் ஆச்சி இதையே “இன்னும் முத்தலை” என்பார்.

மொழியியல் படித்தவர்களுக்கு இங்கே ஓர் உறுத்தல் எழும். தமிழில் ‘நோய் முற்றிவிட்டது’ என்றால் கைமீறிவிட்டது என்று பொருள். புற்று முற்றினாலும் காசம் முற்றினாலும் அது துயரச் செய்தி. கண்புரை மட்டும் முற்றினால் நற்செய்தி. ‘இனி எடுத்துவிடலாம்’ என்று வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். இந்த விதிவிலக்கு எப்படி வந்தது என்று தேடப் போனதில் கிடைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சுசுருத சங்கிதையின் உத்தர தந்திரம் கபத்தால் வரும் லிங்கநாசத்திற்கு ஊசிச் சிகிச்சை கூறுகிறது. அதற்கு முன்பு, எந்தெந்த நிலையில் கண்ணைத் தொடக் கூடாது என்றும் அது வரையறுக்கிறது. பாவையில் தெரியும் மறைப்பு பிறைவடிவிலோ, வியர்வைத் துளி போலவோ, முத்துப் போலவோ இருந்தால் கூடாது. நடுவில் மெலிந்திருந்தாலும், கோடுகள் ஓடினாலும், வலியோ சிவப்போ இருந்தாலும் கூடாது. மிகு வெப்பமும் மிகு குளிரும் இல்லாத பருவத்தில் செய்ய வேண்டும் என்பது மற்றொரு நிபந்தனை. பின்வந்த வாக்படர் அஷ்டாங்க ஹிருதயத்தில் இதை இரண்டு அடைமொழிகளுக்குள் சுருக்குகிறார். நோய் ‘சுஜாதம்’, அதாவது நன்கு உருப்பெற்றதாக இருக்க வேண்டும். ‘நிஷ்ப்ரேக்ஷ்யம்’, அதாவது பார்வை அற்றுப்போயிருக்க வேண்டும். உரோமாபுரியின் கெல்சஸும், இறங்கிய நீர் ஓடாமல் ஓரளவு கெட்டிப்படும்வரை காத்திருக்கச் சொன்னார்.

காத்திருப்பதற்குத் தக்க காரணம் இருந்தது. அக்காலச் சிகிச்சையில் புரையை வெளியே எடுப்பதில்லை. வெள்ளைவிழியில் கருவியைச் செலுத்தி, மறைப்பைப் பாவையின் வழியிலிருந்து கீழே தள்ளிவிடுவார்கள். கெட்டியானது ஒரே துண்டாகச் சரியும். இளசானது உடைந்து கண்ணுக்குள் சிதறும். தோற்றால் கண்ணே போய்விடும் என்பதால், முற்றிலும் இருண்ட கண்ணைத்தான் பணயம் வைக்க முடிந்தது.

சொல்வரலாறு இன்னும் சுவையானது. அரபு மருத்துவர்கள் இந்நோயை ‘இறங்கும் நீர்’ என்றனர்; நுஸூலுல் மா என்ற யூனானிப் பெயர் அதுவே. 11ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் என்ற மொழிபெயர்ப்பாளர் அதை இலத்தீனில் அருவி என்று பொருள்படும் சொல்லால் பெயர்த்தார். இன்றைய ‘கேடராக்ட்’ அந்த அருவிதான். மூளையிலிருந்து நீர் இறங்கிப் பாவையில் உறைகிறது என்பது அன்றைய கோட்பாடு. உறையும்வரை காத்திருப்பது அதன் இயல்பான முடிவு. 1705இல் பிரான்சின் பிரிசோ, இறந்தவர் ஒருவரின் கண்ணை அறுத்துப் பார்த்து, கலங்கியிருப்பது கண்ணின் வில்லையே என்று காட்டினார். நீர்க் கோட்பாடு மறைந்தது. காத்திருக்கும் வழக்கம் மறையவில்லை.

18ஆம் நூற்றாண்டின் நடுவில் டாவியேல் வில்லையை வெளியே எடுக்கும் முறையைக் கொண்டுவந்தபோது அவ்வழக்கத்திற்குப் புதிய காரணம் கிடைத்தது. முற்றாத வில்லையின் பசைப்பகுதி உள்ளேயே ஒட்டிக்கொண்டு அழற்சியைத் தரும். இந்தத் தடையை உடைக்க முயன்ற களம் பஞ்சாப். அங்கே ஊர் ஊராகச் சென்று புரை தள்ளும் ராவல் என்ற பரம்பரையினர் இருந்தனர். அதே பஞ்சாபின் ஜலந்தரில் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த ஹென்றி ஸ்மித், வில்லையை அதன் உறையோடு சேர்த்து வெளியிலிருந்து அழுத்தியே எடுத்தார். 1910இல் அவர் நூல் வெளிவந்தது. உறையோடு வருவதால் எச்சம் இல்லை. எனவே பழுக்கக் காத்திருக்கவும் தேவையில்லை என்பது அவர் வாதம். கண்ணின் கூழ் வெளியேறும் ஆபத்தைக் காட்டிப் பலர் எதிர்த்தனர்.

ஆனால் எடுத்தபின் என்ன? இதுதான் நம் வரலாறுகளில் போதிய கவனம் பெறாத பகுதி என்பது என் கருத்து. வில்லை இழந்த கண்ணுக்குச் சுமார் +10 டயாப்டர் தடிமனான கண்ணாடி வேண்டும். அதில் எல்லாம் ஏறத்தாழ கால் பங்கு பெரிதாகத் தெரியும். ஒரு கண் அறுவையானது, மறுகண் இயல்பானது என்றால் இரு வேறு அளவுப் பிம்பங்களை மூளையால் இணைக்க முடியாது. ஆகவே இரு கண்களும் கெடும்வரை பொறுப்பதே விவேகமாக இருந்தது. முகாம்களில் சோடாப்புட்டிக் கண்ணாடி அணிந்து திரும்பிய தலைமுறையின் நினைவுதான் இன்றைய ‘பழுக்கட்டும்’.

1949இல் இலண்டனில் ஹெரால்டு ரிட்லி முதல் செயற்கை வில்லையைப் பொருத்தினார். இந்தியாவின் எளிய மக்களை அது எட்ட 1990கள் ஆயின. 1992இல் மதுரையில் ஆரோலேப் குறைந்த விலையில் வில்லை செய்யத் தொடங்கியதும், 1994இல் ஏழு மாநிலங்களில் உலக வங்கி உதவியுடன் திட்டம் தொடங்கியதும் திருப்பங்கள். இன்றோ கணக்கு தலைகீழ். கேளாஒலியால் வில்லையைக் கரைத்து உறிஞ்சும் முறையில், வில்லை கடினமாக ஆக அதிக ஆற்றல் தேவைப்படும். அது விழிவெண்படலத்தின் உட்செல்களைச் சேதப்படுத்தும். மிக முற்றிய புரை வீங்கியோ கசிந்தோ கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிடவும் கூடும். அதற்காகப் புரை தெரிந்த அன்றே ஓட வேண்டும் என்பதில்லை. அன்றாட வேலை எவ்வளவு தடைப்படுகிறது என்பதே இப்போது முதல் கேள்வி. அரசின் அளவுகோல் வேறு. 1976இல் தொடங்கிய தேசியத் திட்டம் 6/60க்குக் கீழ் என்றும், 2017 முதல் 3/60க்குக் கீழ் என்றும் பார்வையின்மையை வரையறுத்தது. மக்கள்தொகையை எண்ணுவதற்கான கோடு அது. தையல்காரரும் ஓட்டுநரும் அதற்கு வெகுமுன்பே வேலையை இழந்துவிடுவார்கள்.

மூதாட்டியின் கதையில் நான் முதலில் அறியாத ஒன்று இருந்தது. அவருடைய கணவரும் ‘பழுக்கட்டும்’ என்று காத்திருந்தவர். அவருக்கு வந்தது காலா மோதியா. இந்தியில் புரை ‘வெள்ளை மோதியா’, கிளாக்கோமா ‘கறுப்பு மோதியா’. ஒரே பெயர்ச்சொல், நிறம் மட்டும் வேறு. முன்னதில் இழந்த பார்வையை மீட்கலாம். பின்னதில் பார்வை நரம்பு அழிகிறது, போனது திரும்பாது. வீட்டில் எல்லோரும் ‘மோதியா’ என்று மட்டுமே பேசிக்கொண்டார்களாம். மூன்றாண்டுகள் கழித்து முகாமுக்குப் போனபோது ஒரு கண்ணில் செய்வதற்கு ஏதுமில்லை.

அதைச் சொல்லி முடித்தபின் அவரே, இரவில் எதிரே வரும் வண்டிகளின் விளக்கு சிதறுவதால் தனியாகச் சாலையைக் கடப்பதில்லை என்றார். மருத்துவர் கேட்டதும் அதைத்தானாம். கார்த்திகைப் பௌர்ணமி கழித்து நாள் குறித்திருக்கிறார். சிறு துளையில் முடியும் அறுவைக்குப் பருவம் பார்க்க வேண்டியதில்லை என்றேன். “குளிர் வரட்டும், புண் ஆறும்” என்றார். சுசுருதரையும் மறுத்துப் பேசும் துணிவு எனக்கு இல்லாததால் விட்டுவிட்டேன்.

உங்கள் ஊர்ப் பேச்சில் புரை ‘முற்றுகிறதா’, ‘பழுக்கிறதா’, ‘உறைகிறதா’? கிளாக்கோமாவுக்குத் தனிச்சொல் உண்டா? ஊர்ப்பெயருடன் எழுதினால் என் தொகுப்பில் சேர்த்துக்கொள்வேன்.