சாம்பல் நகரின் ஆரஞ்சுச் சுவர்

வீட்டின் வெளிச்சுவருக்கு எந்த நிறம் பூசுவது என்பது அவரவர் விருப்பம் என்றே நாம் எண்ணியிருக்கிறோம். அது ஒரு நகரத்தின் அரசியலாகவும் ஆகக்கூடும் என்பதற்கு அல்பேனியாவின் தலைநகர் டிரானா சாட்சி.

என்வர் ஹோஜா 1985-இல் மறையும்வரை நாற்பதாண்டுகள் ஆண்ட நாடு அது. கம்யூனிச ஆட்சி விட்டுச்சென்றவை மங்கிய அடுக்குமாடி வரிசைகள். அது வீழ்ந்தபின் பூங்காக்களையும் ஆற்றங்கரையையும் அனுமதியற்ற கட்டடங்கள் விழுங்கின. 2000-இல் மேயரான எடி ராமா அடிப்படையில் ஓவியர். நகராட்சியிடம் பணமில்லை, சாயம் மலிவு. முதற்கட்டடத்தில் ஆரஞ்சு நிறம் ஏறியபோது வேடிக்கை பார்க்கத் திரண்ட கூட்டத்தால் போக்குவரத்தே நின்றது. நிதிக்குப் பொறுப்பான ஐரோப்பிய ஒன்றிய அதிகாரி, நிறம் விதிகளுக்குப் பொருந்தவில்லை என்று தடுத்தார். வண்ணங்களில் சமரசம் செய்தால் மிஞ்சுவது சாம்பல்தான் என்பது ராமாவின் மறுமொழி.

பின்னர் நடந்த கருத்துக்கணிப்பில் 63 விழுக்காட்டினர் பிடித்திருக்கிறது என்றனர். பிடிக்காத 37 விழுக்காட்டினரிலும் பாதிப்பேர் பணி தொடரட்டும் என்றார்களாம். அவர்களுக்கு நிறம் பிடிக்கவில்லை. தம் தெருவையும் ஒருவர் கவனிக்கிறார் என்பது பிடித்திருந்தது போலும்.

ஆயினும் குடியிருப்போரின் சுவருக்கு நிறம் தேர்ந்தவர் மேயரே. அன்ரி சாலாவின் 'தம்மி இ கொலோரி' (2003) படத்தில் இரவுநேரக் காரிலிருந்து அத்தெருக்களைக் காண்கிறோம். ராமாவின் குரல் வண்ணங்களைப் பற்றிப் பேசுகிறது. பளிச்சிடும் சுவர்களின் கீழே சேறும் இடிபாடும் கிடக்கின்றன. இரண்டையும் ஒருசேரப் பார்ப்பதே டிரானாவுக்கு நாம் செய்யும் நியாயம்.